கழித்த தக்காளி

பெரிய காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தரம் பிரிக்கும் சபாபதி ஒவ்வொரு தக்காளியையும் ஓர் இரும்பு வளையத்தில் வைத்துப் பார்க்கிறான். சரியாகப் பொருந்துவது பெட்டிக்குப் போகிறது. சிறுத்ததையும் கோணலானதையும் தரையில் போட்டு பூட்ஸ் காலால் மிதிக்கிறான். சாறு அவன் பெல்பாட்டத்தில் தெறிக்கிறது. முசரவாக்கத்திலிருந்து கூடை சுமந்து வந்த கண்ணாயிரம் கைகூப்புகிறான். "மிதிக்காத சார். கழிச்சத தெருவுல வித்துக்கினு போறோம்." சபாபதி நிமிரவில்லை. "தெருவுல மலிவா கெடச்சா எங்க கடைக்கு எவன்யா வருவான்?" கண்ணாயிரத்தின் மனைவி அங்கம்மாள் குனிந்து, கீழே கிடக்கும் பழங்களின் மேல் வலது கையை விரித்து மூடுகிறாள். "நான் தண்ணி எறச்சு வளத்ததுப்பா." பூட்ஸ் இறங்குகிறது. சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். கண்ணாயிரம் தராசுத் தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்து சபாபதியின் முழங்காலில் ஓங்கி அடிக்கிறான். அலறிக்கொண்டு விழுந்தவனின் முகம் தக்காளிக் கூழில் புதைகிறது. கண்ணாயிரம் மறுபடியும் கல்லை ஓங்குகிறான். பின்னால் வரிசையில் நிற்கும் விவசாயிகளில் ஒருவரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. அங்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. விரல்கள் தொங்கும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நசுங்காத பழங்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்கிறாள்.