குவாரித் தடத்தில் போன சீர்

"இறுக்கிக் கட்டுங்க பாய்! ஒரு கரண்டிகூட ஆடப்பிடாது!"

ஆறுமுகத்தாய் போட்ட சத்தத்தில் தாராவிச் சந்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிக்கப் வண்டியின் பின்பக்கம் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த முகைதீனுக்குச் சுருக்கென்றது. பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டியை வாங்கி ஓட்டுகிற மனுஷர் அவர். சோடா பாட்டில் ஏற்றி மலையில் போனாலும் ஒன்று உடையாது என்று பெயர் வாங்கியவர்.

"எனக்கே கட்டச் சொல்லித் தாறியாக்கா? இந்த லோடு பம்பாயைச் சுத்தி வந்தாலும் சத்தம் கேக்காது, போதுமா?"

வண்டியில் இருந்தவை ஆறுமுகத்தாயின் மகள் பூமாரிக்கான சீர் பாத்திரங்கள். அண்டா, தவலை, குடம், எல்லாம் பித்தளை. எவர்சில்வர் எட்டிப் பார்த்துவிட்ட அறுபத்து நாலாம் வருஷத்திலும், மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லிக்குப் பித்தளைதான் வேண்டும். அதுவும் புத்தம் புதுசாக வேண்டும்.

"பழசு ஒண்ணு கலந்திருந்தாலும் வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் கல்யாணமும் கிடையாது" என்று நிச்சயத்தன்று சபையிலேயே சொல்லிவிட்டாள் அந்த மகராசி. அப்பளம் போட்டு விற்று, ஒண்டியாக மகளை ஆளாக்கிய ஆறுமுகத்தாய்க்கு அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

"சீர்னா தெரு பாக்கல்லா கொண்டு போணும்? நீ என்ன, ஒவ்வொண்ணையும் சாக்குல சுத்தித் தைச்சு வச்சிருக்கே?" என்றாள் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள்.

"கண்ணு பட்டுரும்" என்றாள் ஆறுமுகத்தாய். கண் திருஷ்டி என்றால் அதற்கு மேல் பேச்சு ஏது?

முகைதீன் கனமான அண்டாக்களை அடியில் அமர்த்தி, இடுக்குகளில் குடங்களைச் செருகி, மிச்ச இடத்தில் வைக்கோலைத் திணித்தார். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நடுவில் ஒரு கம்பைக் கொடுத்து முறுக்கினார். பிறகு லோடின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஒன்றும் அசையவில்லை.

கல்யாண் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் ரோடு ரோடாக இருந்தது. பின்னால் பாத்திரங்களிடமிருந்து மூச்சுச் சத்தம் இல்லை. முகைதீன் தாடியை நீவிக்கொண்டு பாட்டுகூட முணுமுணுத்தார். அதற்கப்புறம், மாப்பிள்ளை கணேசபாண்டியன் வேலை பார்க்கும் கல்குவாரி வரைக்கும் வெறும் மாட்டுவண்டித் தடம்தான்.

தடம் தொடங்குகிற இடத்தில் ஆறுமுகத்தாய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். முகைதீன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை, அவள் பின்பக்கம் நின்று கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, நம்ம கட்டு மேல நம்பிக்கை இல்லையா?"

"பெத்த மனசு கேக்கலை பாய். எடுங்க வண்டியை, நல்ல நேரம் போயிரும்."

முதல் பள்ளத்தில் 'டங்' என்றது. இரண்டாவது பள்ளத்தில் அண்டாவும் தவலையும் முட்டிக்கொண்டன. காய்ந்த ஓடையில் வண்டி இறங்கி ஏறியபோது, பின்னால் ஒரு கொட்டுமேளமே நடந்தது.

"யா அல்லா! இது என் கட்டா?" முகைதீன் பிரேக்கில் காலை வைத்தார்.

"நிறுத்தாதீங்க! நேரம் போவுது!" என்று அவரைவிடப் பெரிதாகக் கத்தினாள் ஆறுமுகத்தாய்.

குவாரிக் குடியிருப்பு வாசலில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் காத்து நின்றது. சாக்கைப் பிரித்தார்கள். அண்டாவின் இடுப்பில் ஒடுக்கு. குடத்தின் கழுத்தில் ஒடுக்கு. தவலையின் வாய் கோணிப் போயிருந்தது.

ஆறுமுகத்தாய் வயிற்றில் அடித்துக்கொண்டு முகைதீன் மேல் பாய்ந்தாள். "பாவி மனுசா! நேத்து கடையில வாங்குன பாத்திரம்யா! இப்படியா கட்டுவீரு? எம் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துட்டீரே!"

"அல்லா மேல சத்தியம், என் கயிறு அவுராது!" என்றார் முகைதீன். கேட்பார் இல்லை.

எல்லாரும் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. குடத்தை எடுத்து, உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"நம்ம ரோட்டு லட்சணம் அப்படி. பாத்திரம் என்ன செய்யும்? உள்ள கொண்டு வைங்க" என்றாள் செண்பகவல்லி சத்தமாக. ஆறுமுகத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அடுக்களையில் மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, சம்பந்தி கதவைச் சாத்தினாள். குடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒடுக்கின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். விரல் நுனி பச்சையாக வந்தது.

"இன்னைக்கு விழுந்த ஒடுக்குல, அதுக்குள்ளயா களிம்பு ஏறிட்டு, மதினி?"

ஆறுமுகத்தாய் குடத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்தாள். தன் கல்யாணத்துப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி, புளி போட்டு மினுக்கி, பழைய ஒடுக்குகளின் பழி ரோட்டின் மேல் விழட்டும் என்று கயிற்றின் முறுக்கையும் தானே தளர்த்திவிட்டவள், அவற்றுக்குள் வருஷக்கணக்காக ஏறியிருந்த இந்தப் பச்சைக் களிம்பை மறந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"மதினி... புதுசுக்கு வழியில்ல. எம் பிள்ளை கல்யாணத்தை நிறுத்திராதீங்க..."

செண்பகவல்லி முந்தானையால் அந்தப் பச்சையைத் துடைத்தாள். வெளியே முகைதீன் இன்னும் சத்தியம் செய்துகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குச் சீர் கொண்டாந்த வண்டிக்காரனையும் எங்கம்மா இப்படித்தான் ஏசுனா."