பெயர் சொல்லி

அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். இறுக்கமாக இருந்தது.

மறுமுனை கரையிலிருந்த புளியமரத்தில். மிச்சக் கயிறு காலடியில் சுருளாகக் கிடந்தது.

குளத்தின் வடகரையில் மற்ற ஆண்களோடு அவனும் வரிசையில் நின்றான். வீட்டுக்கு ஓர் ஆண் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒனக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்? போயி நெழல்ல ஒக்காரு" என்றார் பக்கத்தில் நின்ற குஞ்சிதபாதம்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கரைப் படிகளில் பெண்கள். ஒருத்தி லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவள் அவள். அவள் வீட்டுக்காரன் நீந்திப் போய் இழுத்து வர வேண்டும்.

போன ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஒத்திகை.

தீயணைப்பு நிலையத்து அதிகாரி வெளியூர்க்காரர். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"பேரச் சொல்லிக் கூப்புடணும்மா. பேர் கேட்டவர் மட்டும்தான் தண்ணியில எறங்கணும். ஏங்கன்னா எந்த ஏங்க? இந்த ஊர்ல எல்லாருமே ஏங்கதானே!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வடகரையைப் பார்த்ததும் சிலர் நிறுத்திக்கொண்டார்கள்.

வெள்ளம் வந்த அன்று ஆண்கள் பள்ளிக்கூட மாடிக்கு அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்களை முன்பே மேட்டுத்தெரு மண்டபத்துக்கு அனுப்பியாயிற்று. மழை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்கவில்லை.

கீழே, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஏங்க.

மாடியில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பினார்கள்.

தன் மனைவி மண்டபத்தில் இருக்கிறாள் என்று ஒவ்வொருவனும் நினைத்தான்.

அவனும்.

யார் வீட்டுப் பெண் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

குரல் மறுபடி வரவில்லை.

வெள்ளம் வடிந்து மண்டபத்துக்குப் போனபோது மற்ற எல்லாருடைய மனைவிகளும் இருந்தார்கள். உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவன் மனைவி மட்டும் அவனைத் தேடிக் கிளம்பியதாகச் சொன்னார்கள்.

கல்லூரியில் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பின்னால் ஒரு 'டா'வும் இருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு தெருப் பெண்களைப் பார்த்து மாற்றிக்கொண்டாள். முதலில் கிண்டலுக்கு. பிறகு அதுவே பழகிவிட்டது.

அவனுக்கும் அது பிடித்திருந்தது.

"குஞ்சிதபாதம்!"

தையல்நாயகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள். இரண்டு கரையும் அதிர்ந்தன.

"கல்யாணம் ஆனதுலேருந்து வயித்துல வச்சிருந்தத ஒரேயடியா கக்கிட்டாடி!" என்றாள் ஒருத்தி.

"இன்னொருவாட்டி கூப்புடு, காது குளிருது" என்றபடி குஞ்சிதபாதம் குதித்தார்.

வைத்தியலிங்கம் போனார். சௌந்தரராசு போனார். இழுத்து வரப்பட்ட பெண்கள் புடவையைப் பிழிந்துகொண்டு வடகரையில் நின்றார்கள்.

வரிசை தேய்ந்தது.

கடைசியில் அவனும் இளவழகனும்.

இளவழகன் மனைவி இந்தத் தையில்தான் இந்த ஊருக்கு வந்தவள். வெள்ளத்தைப் பார்க்காதவள். டியூபைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா, தண்ணி ஏறுது" என்றார் அதிகாரி.

இளவழகன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று அவன் சிரிப்பிலேயே தெரிந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க..."

சிரிப்பு வெடித்தது.

பிறகு, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

இளவழகன் இன்னும் கரையில்தான் நின்றான்.

அதிகாரி அவசரமாக ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். குஞ்சிதபாதம் சொட்டச் சொட்ட வந்து அதைக் கையால் பொத்தினார்.

புளியமரத்தடியில் சுருளாகக் கிடந்த கயிறு வேகவேகமாகப் பிரிந்துகொண்டிருந்தது.