யாரும் எடுக்கலையே!

“என்கிட்ட ஒம்போது மாம்பழம், உங்கிட்ட ஆறு. என்கிட்ட எம்புட்டுக் கூட இருக்கு, இம்ரான்?” என்று கேட்டாள் அசீனா.

“ஒம்போது, டீச்சர்.”

“மொத்தத்தைக் கேக்கல. எம்புட்டுக் கூட? ஒம்போதுல ஆறைக் கழி.”

“எதுக்குக் கழிக்கணும்? உங்க பழத்தை யாரும் எடுக்கலையே!”

அசீனாவுக்குச் சுருக்கென்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு ஒன்பது பழங்களையும் வரிசையாக வைத்தாள். எதிரே அவனுடைய ஆறையும் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தாள்.

“ஜோடி இல்லாம நிக்கிறது எத்தனை?”

“மூணு!” இம்ரானின் முகம் மலர்ந்தது. “எடுக்காமலே கழிக்கலாமா?”

“ரெண்டை ஒப்பிட்டுப் பாக்கவும் கழிக்கலாம்.”

“நேரமாச்சு, ரெண்டு பேரும் கிளம்பலையா?” சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

இம்ரான் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, மனைவியை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட பைக்கை எடுத்தான்.

“ஏங்க, இன்னைக்கு முத நாள் பாடம் எடுக்கப் போறேன், ஒத்திகை பாக்கலாம்னா இப்படியா படுத்துவீக? எந்தப் பிள்ளை இப்படிக் கேக்கும்?”

“மூணாப்புல நான் கேட்டேன். பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டிட்டாக. இன்னைக்குத்தான் கீழ இறக்கிவிட்டிருக்கீக, டீச்சர்.”