பதினாலு போட்டோ

"பாருங்க டீச்சர், ஆதாரத்தோட வந்திருக்கறேன்!"

அம்புஜம் செல்போனைத் தலைமை ஆசிரியையின் மேசைமேல் வைத்தாள். பதினாலு போட்டோ. எல்லாவற்றிலும் கோ-கோ கோச் பிந்து ஸ்கூட்டரில் கிரவுண்டுக்குள் நுழைகிறாள். கடைசிப் போட்டோ பத்து நிமிஷம் முன்னால் எடுத்தது.

"அஞ்சு மணிக்குப் பிராக்டீஸ். ஒரு நாளாச்சும் அஞ்சே காலுக்கு முன்னாடி வந்திருக்காங்களா? நானே வாக்கிங் போறதுக்கு நாலே முக்காலுக்கு இங்க வந்தர்றேன். கோச்சுக்கு வர முடியலீங்களாமா!"

பிந்து ஓரமாக நின்றாள். நூல் மில்லில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, சாயங்காலம் இந்தப் பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக் கொடுக்கிறாள்.

"சம்பளம் இல்லாம வர்றாங்க. கொஞ்சம் பார்த்துப் பேசுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"அன்னதானம் போட்டாலும் நேரத்துக்கு எலை போடணுமல்லீங்க?"

பிந்துவின் சுடிதார் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அம்புஜம் அதையும் விடவில்லை.

"குளிச்சு, சிங்காரிச்சு வந்தா லேட்டாகத்தான் செய்யும்."

"வீட்டுல வேலை ஜாஸ்தியாம்மா?" டீச்சர் பிந்துவைக் கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். இனி நேரத்துக்கு வந்தர்றேனுங்க."

"ஊட்டுல இவங்களுக்கு என்னுங்க வேலை?" அம்புஜம் சிரித்தாள். "இவங்க ஊட்டுக்காரரு கம்பெனி உட்டு வந்து, கொழந்தையையும் பாத்துட்டு, பாத்திரமும் வெளக்கறாராமா. போத்தனூரே சிரிக்குது! எம் பையன் யஷ்வந்த் காலேஜ் உட்டு வந்து சோபாவுல செல்லுதான் பாத்துட்டிருப்பான். ஒரு டம்ளர் எடுத்து வெக்கச் சொல்லமாட்டேன். ஆம்பளப் பையனுங்க!"

"உங்க பொண்ணு மௌனிகா?"

"அவ பொம்பளப் புள்ள. ஸ்கூல் உட்டு வந்தா ஒரு கூடை பாத்திரம் கெடக்கும். அத்தனையும் வெளக்கிப்போட்டுத்தான் கிரவுண்டுக்கு வரோணும். இல்லாட்டி வெளையாட்டே கெடையாதுன்னு சொல்லிப்போட்டேன். குண்டான்ல மூஞ்சி தெரியும், அப்படி வெளக்குவா!"

டீச்சர் பெருமூச்சு விட்டார். "இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"இவங்கள நிறுத்துங்க."

"வேற ஆள் இல்லீங்க. அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. இவங்க இல்லைன்னா டீமே இல்லை. உங்க பொண்ணும் போக முடியாது."

"பரவால்லீங்க. நேரம்னா நேரம்."

டீச்சர் பேனாவை எடுத்தார். எழுதும் முன்பு போட்டோக்களை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தள்ளினார்.

"ஏனுங்க, பதினாலுலயும் பின்சீட்டுல உக்காந்திருக்கறது யாருங்க?"

அம்புஜம் எட்டிப் பார்த்தாள். "நம்ம மௌனிகா. வர்ற வழியில ஏத்திட்டு வருவாங்களாட்ட இருக்குது."

வெளியே நின்ற மௌனிகாவைக் கூப்பிட்டார்கள்.

"கண்ணு, அக்கா தினமும் ஏன் லேட்டு? உண்மையச் சொல்லு. இல்லைன்னா நாளையிலிருந்து அக்கா வரமாட்டாங்க."

பிந்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மௌனிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்காவ நிறுத்தீராதீங்க டீச்சர்! நான் ஒருத்தியே வெளக்குனா ஆறு மணி ஆயிருமுங்க. அம்மா இங்க கெளம்புனதும், அக்கா எங்கூட்டுப் பின்வாசல்ல வந்து பாதிப் பாத்திரம் வெளக்கித் தருமுங்க."

அம்புஜம் பிந்துவின் நனைந்த கையைப் பார்த்தாள். பிறகு மகள் மேல்தான் பாய்ந்தாள்.

"அவ ஊட்டுப் பாத்திரத்த அப்பிடியே போட்டுப்போட்டு, நம்மூட்டுக்கு எதுக்குடி வாரா?"

மௌனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா ஊட்டுல அந்தண்ணன் வெளக்கீர்றாரும்மா. நம்மூட்டுல இருக்கறது யஷ்வந்த் அண்ணன்தானே."