சீனியாரிட்டி எண் 1146

“கோ அரவுண்ட்” என்றாள்.

இறங்காதே, மேலே ஏறு என்று பொருள். இரண்டு விமானிகளில் யார் சொன்னாலும் மற்றவர் உடனே செய்தாக வேண்டும்.

ஓடுபாதை முன்னூறு அடி கீழே இருந்தது. வலப்புறமிருந்து வந்த காற்று சட்டென்று பின்பக்கம் மாறிவிட்டது. விமானம் வேண்டியதைவிட வேகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

கேப்டன் இளம்பரிதி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினான்.

விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. சென்னை மறுபடி சிறிதானது.

பதினெட்டு நிமிடம் சுற்றிவிட்டு வந்தார்கள். இரண்டாவது முறை, சக்கரம் தரையைத் தொட்டது அவளுக்கே தெரியவில்லை.

ஹைதராபாத்திலிருந்து அதுவரை அவர்கள் பேசியதெல்லாம் செக்லிஸ்டில் இருந்த சொற்கள்தான்.

விமானிகளின் இரண்டு சங்கங்களும் சொல்லிவைத்ததுபோல ஒரே உத்தரவு போட்டிருந்தன. அவர்களோடு வேலைக்கு மேல் பேச்சு வேண்டாம்.

அவர்கள் என்றால், அவளுக்கு இளம்பரிதி. இளம்பரிதிக்கு அவள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவனுடைய பெரிய கம்பெனி அவளுடைய சின்னக் கம்பெனியை வாங்கியது. சீருடை ஒன்றானது. விமானங்களின் வாலில் வண்ணம் ஒன்றானது. விமானிகளின் பட்டியலை ஒன்றாக்கும்போதுதான் அடிதடி.

வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை என்றது அவளுடைய சங்கம். வாங்கியவன் முன்னால், விற்கப்பட்டவன் பின்னால் என்றது அவன் சங்கம்.

நிர்வாகம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

பதினான்கு வருட சர்வீஸில் எண்பத்து நான்காவது இடத்தில் இருந்தவள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறுக்குப் போனாள். இந்தத் தீபாவளிக்குள் கேப்டனாகி, துணை விமானியின் வலப்பக்க இருக்கையிலிருந்து இடப்பக்கம் மாறியிருக்க வேண்டியவள். இனி ஒன்பது வருடம் என்றார்கள்.

அவளுக்கு ஆறு வருடம் பின்னால் பறக்க வந்தவன் இளம்பரிதி.

இருவரையும் ஏற்றிய கம்பெனி வேன் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது. சங்கச் செயலாளர் சடகோபன். குரலில் கல்யாண வீட்டுக் களை.

“கேள்விப்பட்டேன்மா. ரன்வே பக்கத்துல வெயிட் பண்ண நம்ம பசங்க பார்த்திருக்காங்க. அவன்தானே ஓட்டினான்?”

“ஆமா சார்.”

“நீதானே கோ அரவுண்ட் சொன்னே?”

“ஆமா சார்.”

“போதும். ரிப்போர்ட்ல அவனுக்கு நிதானம் இல்லைன்னு எழுது. வெள்ளிக்கிழமை நம்ம லிஸ்ட் கேஸ் ஹியரிங். முன்னால நிக்கறவனோட லட்சணத்தைப் பாருங்கன்னு நீட்டிடலாம். லிஸ்ட் உடையும்மா. உன் கேப்டன் சீட் அதுலதான் இருக்கு.”

அவள் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

முன் இருக்கையில் இளம்பரிதியின் ஃபோனும் அடித்தது. எடுத்த எடுப்பிலேயே அவன் சங்கத்துக்காரர் எதிர்முனையில் கத்துவது அவளுக்கும் கேட்டது. அந்தம்மா வேணும்னே பண்ணியிருக்கா, அப்படியே எழுதிக் கொடு.

“இல்ல சார்,” என்றான் இளம்பரிதி. “காத்து மாறினதை நான் லேட்டாத்தான் பார்த்தேன். அவங்க முதல்லயே பார்த்துட்டாங்க. அவங்க சொன்னதாலதான் திரும்பினேன்.”

எதிர்முனை இன்னும் உரக்கக் கத்தியது.

“அப்படித்தான் சார் எழுதப்போறேன்.”

ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். கழுத்துப் பட்டியில் வியர்த்திருந்தது.

சடகோபனின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.

“கேட்டியாம்மா? அவனே ஒத்துக்கிட்டான்! இனிமே என்ன தயக்கம்?”

எட்டு மாதம். முப்பத்தோரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே குரல், இதே சமோசா, இதே வெள்ளிக்கிழமை. அவளுக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது.

“வைக்கிறேன் சார். ரிப்போர்ட் எழுதணும்.”

வேனிலேயே ஃபோனில் எழுதினாள். காற்று மாறிய உயரம். நேரம். பிறகு இரண்டு வரி.

நான் சொன்னேன். கேப்டன் அந்த நொடியே செய்தார்.

அனுப்பினாள். சங்கத்துக்கும் ஒரு நகல்.

வேன் பல்லாவரம் சிக்னலில் நின்றபோது மறுபடி ஃபோன்.

“என்னம்மா இது? இதுல நமக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நீ எந்தப் பக்கம்மா?”

அவளுக்குச் சுருக்கென்று வந்தது.

“பதினாலு வருஷமா வலப்பக்க சீட்டு சார். நீங்க இருக்கறவரைக்கும் அங்கேயேதான் இருப்பேன்போல.”

அன்று மாலையே அவளைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. எந்தப் பட்டியலை முதலில் படிப்பது என்பதில் இரு தரப்பு வக்கீல்களுக்கும் தகராறாம். ஏழு வாரம் தள்ளிவைத்தார்கள்.

அந்தச் செய்தியை அவள் தூத்துக்குடியில் படித்தாள். விமானத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஃபோனைப் பைக்குள் எறிந்தாள்.

அன்றைய கேப்டனும் பெரிய கம்பெனிக்காரர். நரைத்த மீசை. இதற்குமுன் அவரோடு பறந்ததில்லை. காலையிலிருந்து செக்லிஸ்ட் தவிர ஒரு சொல் இல்லை.

இரண்டு விமானிகளில் யார் ஓட்டுவது என்பதைக் கேப்டன்தான் முடிவு செய்வார். இணைப்புக்குப் பிறகு அந்தத் தரப்பில் எவரும் அவளிடம் விமானத்தை ஓட்டக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

கதவு மூடப்பட்டது.

அவர் தொண்டையைச் செருமினார்.

“இளம்பரிதி சொன்னான்” என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“சென்னையில இன்னைக்கும் காத்து சரியில்லையாம்.” முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். “நீங்க ஓட்டுறீங்களா மேடம்?”

அவள் இருக்கையைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள்.