இரண்டு கேன் பெட்ரோல்

கரையேற்றி நிறுத்திய படகின் எஞ்சின், சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் வாளியிலிருந்த ரோஜா நிற உறைதடுப்புத் திரவத்தை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

வாளியைப் பிடித்திருந்தாள் இர்யா. நாற்காலியில், இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார் அவள் கணவர் ஆர்வோ.

நாற்பது அக்டோபராக, உறைபனிக்கு முன் படகை மூடிவைக்கும் இந்த வேலையை அவர்தான் செய்தார். அவளுக்கு வாளி மட்டும். இந்த வருடம் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

வாய் மட்டும் ஓயவில்லை. வாளியைச் சாய்க்காதே என்றார். ஆயில் மாற்றியாயிற்றா என்று மூன்றாம் முறை கேட்டார். சனிக்கிழமை இதே வாளியால்தான் உங்கள் முதுகில் ஊற்றப்போகிறேன், அப்போது பேசுங்கள் என்று அவளும் விடவில்லை.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அவள் எஞ்சினைப் பார்த்தாள்.

ஒன்பது நாளாக அவர் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. மருத்துவமனைக் கடிதம் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவளே பிரித்துவிட்டாள். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பனி உருகும்வரை தாங்குவது கடினம் என்றிருந்தது.

கடிதத்தை ரை தானிய மாவு டப்பாவுக்குள் திணித்தாள். நெஞ்சுச் சளிதானாம், மெல்ல ஆறிவிடுமாம் என்று அவரிடம் சொன்னாள். இருக்கிற நாளில் மனுஷன் நிம்மதியாக இருக்கட்டும். தன் நெஞ்சு வெடித்தாலும் வாயைத் திறப்பதில்லை என்றிருந்தாள்.

புகைக்குழாயில் ரோஜா நிறம் கொட்டியதும் எஞ்சினை அணைத்தாள். அடுத்தது பெட்ரோல்.

தொட்டியில் காலியிடம் இருந்தால் குளிரில் ஈரம் கோத்துக்கொள்ளும். அடுத்த கோடையில் ஓட வேண்டிய படகென்றால் கழுத்துவரை நிரப்பிவிட்டுத்தான் அந்தக் கரையில் தார்ப்பாய் போடுவார்கள். விற்கப்போகிற படகைத்தான் காலி செய்வார்கள்.

அவள் காலையிலேயே இரண்டு கேன் வாங்கி, அவர் கண்ணில் படும்படி வைத்திருந்தாள். ஒன்றின் மூடியைத் திருகினாள்.

“ஊத்தாத இர்யா. உள்ள இருக்கறதையும் வடிச்சிடு.”

“அப்புறம் கோடையில பெட்ரோலுக்கு யாரு அலையறது?” என்று சிடுசிடுத்தாள். குரல் நன்றாகத்தான் வந்தது.

“உனக்குத்தான் படகு ஓட்டத் தெரியாதே,” என்றார் ஆர்வோ.

கேனைக் கீழே வைத்தாள். கடிதத்தைப் பார்த்துவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

எந்தக் கடிதம் என்று கேட்டார் அவர்.

ஜூன் மாதமே டாக்டர் அவரிடம் நேரில் சொல்லிவிட்டாராம். அவளுடைய கோடையைக் கெடுக்க மனசு வரவில்லையாம்.

அந்தக் கோடையில் ஒரு நாள் விடாமல் அவளைப் படகில் ஏரிக்குள் கூட்டிப்போனார். கிழவனுக்கு இந்த வருடம் என்ன இவ்வளவு ஆசை என்று ஒவ்வொரு நாளும் அவள் கேலி செய்திருந்தாள்.