ரேகை இல்லாத கல்

மார்பிளுக்குப் பேர்போன கராராவில் பிறந்தவன் வீட்டுச் சமையலறையிலிருந்து மார்பிளைப் பெயர்த்து எடுப்பதா? விஷயம் காதில் விழுந்ததும் சிரியோ காலைக் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

அதுவும் சாதாரண மார்பிளா? மலையடிவாரத்தில் இருக்கும் தன் பட்டறையில் அவரே பார்த்துப் பார்த்து அறுத்து, தங்கை தீனாவின் வீட்டில் தன் கையாலேயே பதித்துக் கொடுத்த சமையல் மேடை. பால் வெள்ளை. உள்ளே மெல்லிய சாம்பல் ரேகை.

அதை எடுத்துவிட்டு 'சின்டர்டு ஸ்டோன்' போடப் போகிறாளாம் தீனாவின் மருமகள் ஓர்னெல்லா. கல்பொடியை அழுத்தி, சூளையில் வேகவைத்து எடுக்கிற பலகை. ஓர்னெல்லா பிறந்த சாஸுவோலோவில் தெருவுக்குத் தெரு அந்தத் தொழிற்சாலைதான்.

"பொறந்த வீட்டுப் பெருமை" என்றார் சிரியோ, காபி பாரில் நின்றபடி, எல்லோரும் கேட்கும்படி.

அன்று மாலையே ஓர்னெல்லா பட்டறைக்கு வந்தாள். பழைய கல்லை உடையாமல் எடுத்து, புதுசைப் பதித்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மார்பிள்ல என்ன குறை கண்டே?"

அவள் தரையைப் பார்த்தாள். "எலுமிச்சைச் சாறு பட்டா மங்கிப்போகுது மாமா. ஒயின் கறையும் போகமாட்டேங்குது."

"நாலு தலைமுறையா நாங்க மார்பிள் மேலதான் எலுமிச்சை பிழியறோம். அதனால யாரும் செத்துடலை."

வரேன் மாமா என்று கிளம்பிவிட்டாள். கடைசியில் அவள் ஊர்ப் பக்கமான மோதெனாவிலிருந்து ஆட்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

கல் மட்டுமென்றால் சிரியோ மறந்திருப்பார். அவரை அரித்தது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீனாவின் சின்ன மகன் நெவியோ, மார்பிள் குவாரியில் பாறை சரிந்து இறந்துபோனான். அன்றிலிருந்து தீனா சமையலறைப் பக்கமே வருவதில்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஓர்னெல்லா தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். முதலில் துக்கம் என்றார்கள். நாளாக ஆக, மாமியார் அசந்த நேரத்தில் மருமகள் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள் என்று ஊரே பேச ஆரம்பித்தது. இப்போது மாமியாரின் அடையாளமாக இருந்த மேடையும் போயிற்று. மூத்தவன் தாவீதே என்னடாவென்றால் பெண்டாட்டி சொல்லுக்கு மறுசொல் சொல்லாமல் நிற்கிறான்.

தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரியோ அந்த வீட்டுக்குப் போனார்.

முன்னறை நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையில் ஏதோ சத்தம்.

எட்டிப் பார்த்தார். தீனா நின்றுகொண்டிருந்தாள். கையில் உருட்டுக்கட்டை, முழங்கை வரை மாவு. அடியில் அந்தப் புதுக் கல். அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரே நிறம். பளபளப்பு இல்லை, ரேகை இல்லை, ஒன்றுமில்லை. மார்பிள் மாதிரியே அச்சு போட்டதெல்லாம் அதில் கிடைக்கிறதே, தேடிப் பிடித்து இதையா வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒருவழியா உன்னை உள்ள விட்டுட்டாளா மகராசி?"

தீனா உருட்டுவதை நிறுத்தினாள்.

"அவ என்னை எப்போ வெளியே தள்ளினா? இங்கே நிக்க என்னாலதான் முடியலை." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதே வெள்ளை, அதே ரேகை, அண்ணே. வெங்காயம் நறுக்கக் கத்தி எடுத்தா கை நின்னுடும். அந்தக் கல்லுக்கு அடியில எம் புள்ள கிடக்கிற மாதிரியே இருக்கும்."

சிரியோ பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ ஆசையா போட்டுக் கொடுத்தது. உன் பொழைப்பே அந்தக் கல்லுதான். அதை வேண்டாம்னு உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்? ஒருநாள் ராத்திரி அவகிட்டதான் அழுதேன். 'நான் வேத்தூர்க்காரி அத்தை, எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிக்கறேன், ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க'ன்னா. ஒரு கீறல் ரேகைகூட இல்லாததா வேணும்னு கடை கடையா ஏறி இறங்கினா."

கீழறையிலிருந்து ஒயின் பாட்டிலோடு படியேறி வந்த ஓர்னெல்லா, அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானவள்போல முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

சிரியோ எழுந்துபோய்ப் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தீனா மட்டும் இரண்டு தடவை எழுந்துபோய், அவருக்கென்று அடுப்பிலிருந்து சூடாக எடுத்து வந்து போட்டாள்.

மறுநாள் காலை பாரில் வழக்கமான கூட்டம். கல் அறுக்கிறவர்கள், லாரிக்காரர்கள், மார்பிள் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். சிரியோவைப் பார்த்ததும் பார்க்காரன் குவால்தியேரோ கண்ணடித்தான்.

"என்ன சிரியோ, சாஸுவோலோக்காரி உங்க குடும்பத்திலேருந்தே மார்பிளை விரட்டிட்டாளாமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரியோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணை இனி யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்றார். "அந்த மார்பிளை எடுத்துடச் சொன்னதே நான்தான்."